மாட்டுக்கு மட்டுமா, காருக்கும் பல் உண்டு

கேள்வி: ஐயா, நான் வாங்கப் போகும் முதல் கார் இது. பழைய கார்கள் இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 2017 பேஜோ 308. பெட்ரோல், 1.2 ப்யூர்டெக் 130 எஞ்சின், கையால் போடும் கியர், ஒரே உரிமையாளர், 96,000 கி.மீ. ஓடியிருக்கிறது. மற்றது 2016 ரெனோ மெகான். டீசல், 1.5 டிசிஐ 110 எஞ்சின், இடிசி ஆட்டோமேட்டிக் கியர், 1,28,000 கி.மீ. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. வேலைக்குப் போக ஆறு கிலோமீட்டர், வர ஆறு கிலோமீட்டர். மாதத்துக்கு ஒரு தடவை வெளியூர்ப் பயணம். 308-இன் டைமிங் பெல்ட் 1,80,000 கி.மீ. தாங்கும் என்று விற்பவர் கையேட்டைத் திறந்து காட்டுகிறார். என் சித்தப்பாவோ, "பிரெஞ்சுக் கார் பக்கமே போகாதே, கரன்ட் கோளாறு தீரவே தீராது" என்கிறார். யாரை நம்புவது? இரண்டில் எதை எடுக்கலாம்?

பதில்: முதலில் சித்தப்பாவின் கட்சியைப் பார்த்துவிடுவோம். அவர் சும்மா பயமுறுத்தவில்லை. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரெஞ்சுக் கம்பெனிகள் காருக்குள் ஓடும் கம்பிக் கட்டுகளைக் குறைத்துவிட்டு, ஆங்காங்கே சின்னச் சின்னக் கணினிப் பெட்டிகளை வைத்து, அவை தமக்குள் பேசிக்கொள்ளும் முறைக்கு மாறின. மற்றவர்களும் மாறினார்கள், ஆனால் இவர்கள் கொஞ்சம் அவசரப்பட்டார்கள். சாவிக்குப் பதில் அட்டையோடு வந்த இரண்டாம் தலைமுறை ரெனோ லகூனாவும் 2001-இல் வந்த பேஜோ 307-உம் அந்த அவசரத்தில் பிறந்தவை. காரணமே இல்லாமல் எச்சரிக்கை விளக்கு எரியும். நாளைக்குத் தானாக அணையும். நாளன்றைக்குத் திரும்ப எரியும். அவற்றை வைத்திருந்து பட்டவர்கள் லேசில் மறக்க மாட்டார்கள். இதில் வேடிக்கை, 307-க்கு 2002-இல் ஐரோப்பாவின் சிறந்த கார் விருது கிடைத்தது. விருது கொடுப்பவர்கள் புதுக் காரை ஓட்டிப் பார்த்துக் கொடுக்கிறார்கள். நானும் நீங்களும் அதை எட்டாவது வருடத்தில் பார்க்கிறோம்.

சித்தப்பாவுக்கும் மூத்தவர்களைக் கேட்டால் நேர்மாறாகச் சொல்வார்கள். 1968-இல் வந்த பேஜோ 504 ஆப்பிரிக்காவின் மண் சாலைகளில் பல பத்தாண்டுகள் டாக்சியாக உழைத்துத் தேய்ந்த வண்டி. ஐரோப்பாவில் அதை நிறுத்திய பிறகும் நைஜீரியாவிலும் கென்யாவிலும் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். அதையும் செய்தது அதே கம்பெனிதான். ஆகவே, "பிரெஞ்சுக் கார் நல்லதா கெட்டதா" என்ற கேள்விக்கு என்னிடம் பதில் கிடையாது. எந்த எஞ்சின், எந்த கியர்பாக்ஸ், இத்தனை நாள் யார் எப்படி வைத்திருந்தார்கள் என்று கேளுங்கள். அதற்குப் பதில் உண்டு.

இன்னொரு விஷயம். காரின் மூக்கில் இருக்கும் சின்னத்தை வைத்து எஞ்சினின் சொந்த ஊரைச் சொல்ல முடியாது. நீங்கள் பார்த்த மெகானில் இருக்கும் 1.5 டீசலை, மெக்கானிக்குகள் கே9கே என்று சொல்லும் அதே எஞ்சினை, நிஸானிலும் டாசியாவிலும் சில மெர்சிடிஸ் கார்களிலும் பார்க்கலாம். பேஜோவின் 1.6 எச்டிஐ டீசல் ஃபோர்டோடு சேர்ந்து செய்தது. வோல்வோவிலும் மாஸ்டாவிலும் ஓடியது. 1.6 டிஎச்பி பெட்ரோல் பிஎம்டபிள்யூவோடு சேர்ந்து உருவாக்கியது. மினி கூப்பரில் இருந்ததும் அதன் உடன்பிறப்புதான். சித்தப்பா பேச்சைக் கேட்டு வேறு நாட்டுக் கார் வாங்கியவர் பானெட்டைத் திறந்தால் உள்ளே பிரெஞ்சு எஞ்சின் சிரித்துக்கொண்டிருக்கும். என் கொட்டகையில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சொன்னால் சிலர் நம்புவதில்லை, சிலர் கோபித்துக்கொள்கிறார்கள்.

சரி, உங்கள் 308-க்கு வருவோம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

1.2 ப்யூர்டெக் மூன்று சிலிண்டர் எஞ்சின். ஓட்டுவதற்கு அருமையானது, சின்ன எஞ்சின் என்றே தோன்றாத இழுவை. 2015 முதல் 2018 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் தன் பிரிவில் ஆண்டின் சிறந்த எஞ்சின் விருது வாங்கியது. அதன் பெரிய பலவீனம் ஓர் இடத்தில் இருக்கிறது: டைமிங் பெல்ட், அதாவது எஞ்சினின் சுழற்சியோடு வால்வுகளும் தாளம் தப்பாமல் திறந்து மூட வைக்கும் பட்டை. வழக்கமாக ரப்பர் பெல்ட் என்றால் எஞ்சினுக்கு வெளியே, ஒரு மூடிக்குள், காய்ந்த இடத்தில் ஓடும். ஆயில் பட்டால் ரப்பர் கெடும் என்பது எங்கள் தொழிலில் முதல் நாள் பாடம். இந்த எஞ்சினில் பெல்ட்டை எஞ்சினுக்குள்ளேயே, ஆயிலில் நனைந்தபடி ஓடும்படி வைத்தார்கள். உராய்வு குறையும், சத்தம் குறையும், பெட்ரோல் கொஞ்சம் மிச்சமாகும். அதற்கென்றே தனி ரப்பர், தனி ஆயில். இவர்கள் மட்டும் செய்த வேலையும் இல்லை, ஃபோர்டின் 1.0 ஈகோபூஸ்ட் எஞ்சினிலும் பெல்ட் ஆயிலில்தான் ஓடியது.

காகிதத்தில் எல்லாம் சரி. ஆனால் ஆயில் எப்போதும் ஆயிலாகவே இருப்பதில்லை. டர்போ, அதாவது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் விசிறி, வைத்த இந்தப் பதிப்பில் பெட்ரோல் நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தேவைக்கு மேல் பெட்ரோல் போகும். அதில் கொஞ்சம் எரியாமல், சிலிண்டர் சுவரை ஒட்டி வழிந்து, கீழே ஆயிலில் கலந்துவிடும். நீண்ட தூரம் ஓடினால் ஆயில் நன்றாகச் சூடேறி, கலந்த பெட்ரோல் ஆவியாகிப் போய்விடும். ஐந்தாறு கிலோமீட்டரில் வண்டியை நிறுத்தினால் அது போகாது, நாளுக்கு நாள் சேரும். பெட்ரோல் கலந்த ஆயிலில் ஊறிய ரப்பர் உப்பும், வெடிக்கும், துகள் துகளாக உதிரும்.

பெல்ட் அறுந்து எஞ்சின் கெடும் என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். நான் அதிகம் பயப்படுவது உதிர்ந்த துகளுக்கு. அது ஆயில் சட்டியில் விழுந்து, ஆயில் பம்பின் வாயில் இருக்கும் சல்லடையை அடைக்கும். அடைத்தால் ஆயில் அழுத்தம் குறையும். பேரிங், டர்போ எல்லாம் பட்டினி கிடக்கும். பிரேக்குக்குத் துணை செய்யும் வேக்குவம் பம்புக்கும் இதே ஆயில்தான் போகிறது. அங்கும் துகள் போய் அடைத்தால் பிரேக் மிதி கல்லாகிவிடும். மிதிக்க வழக்கத்தைவிட வெகுவாகப் பலம் வேண்டும். இதற்காகவே கம்பெனி கார்களைத் திரும்ப அழைத்துச் சரிபார்த்தது. நீங்கள் பார்க்கும் காருக்கு அந்த வேலை நடந்ததா என்பதை சேசிஸ் எண்ணைக் கொடுத்துக் கம்பெனியின் டீலரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். விற்பவர் "எல்லாம் ஆச்சு" என்று சொன்னாலும் நீங்களே கேளுங்கள்.

இப்போது அந்த 1,80,000 கணக்கு. விற்பவர் பொய் சொல்லவில்லை. கார் புதிதாக வந்தபோது கூட வந்த கையேட்டில் அப்படி நீண்ட கெடுதான் இருந்தது. பெல்ட் அதற்குள்ளேயே கெட்டுப் போவதைப் பார்த்த பிறகு, கெடுவைப் பல சந்தைகளில் 1,00,000 கி.மீ. அல்லது 6 ஆண்டு, எது முதலில் வருகிறதோ அது என்று குறைத்துவிட்டார்கள். டிக்கியில் கிடக்கும் பழைய கையேட்டுக்கு அது தெரியாது. உங்கள் காரைப் பாருங்கள்: 96,000 ஓடிவிட்டது, ஆறு ஆண்டு எப்போதோ தாண்டிவிட்டது. புதுக் கணக்குப்படி பார்த்தால் பெல்ட் மாற்ற வேண்டிய கார் இது. மாற்றியதற்கான பில் இல்லையென்றால் அந்தச் செலவு உங்கள் தலையில் விழப்போகிறது. விலை பேசும்போதே அதைக் கழித்துக் கேட்க வேண்டும்.

பெல்ட் என்ன நிலையில் இருக்கிறது என்று எஞ்சினைப் பிரிக்காமலே ஓரளவு பார்க்கலாம் என்பது இந்த எஞ்சினில் ஒரு நல்ல விஷயம். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து டார்ச் அடித்தால் பெல்ட்டின் முதுகு தெரியும். வெடிப்பு இருக்கிறதா, ஓரம் பிய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பெல்ட் உப்பியிருக்கிறதா என்று பார்க்க, அதே துளை வழியாக இறக்கி அகலம் பார்க்கும் ஓர் அளவுகருவி உண்டு. கருவி பெல்ட்டின் மேல் தடையில்லாமல் உட்கார்ந்தால் சரி. உட்கார மறுத்தால் பெல்ட் பெருத்துவிட்டது என்று அர்த்தம். இந்த வண்டிகளில் வேலை செய்யும் மெக்கானிக்கிடம் இது இருக்கும். "அந்தக் கருவி இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டு அவரைக் கூட்டிப் போங்கள். அவர் "அப்படி ஒன்று உண்டா?" என்று உங்களையே திருப்பிக் கேட்டால், நல்லவராகவே இருந்தாலும் இந்த வேலைக்கு வேறு ஆளைத் தேடுங்கள்.

ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியை (டிப்ஸ்டிக்) எடுத்து முகர்ந்தும் பாருங்கள். பெட்ரோல் வாடை தூக்கலாக இருந்தாலோ, ஆயில் மேல் கோட்டையும் தாண்டி நின்றாலோ, கலப்பு அதிகம். நேர்மாறாக, கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தால் எஞ்சின் ஆயில் குடிக்கிறதா என்ற சந்தேகம் வர வேண்டும். இந்த எஞ்சினுக்கு அந்தப் புகாரும் உண்டு. பிரேக்கைச் சோதிக்க ஒரு எளிய வழி: எஞ்சின் அணைந்திருக்கும்போது நான்கைந்து முறை அழுத்தி மிதித்தால் மிதி கெட்டியாகும். காலை அப்படியே அழுத்தி வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். மிதி காலடியில் லேசாக இறங்க வேண்டும். இறங்காவிட்டால் ஓட்டிப் பார்க்கவே வேண்டாம்.

பெல்ட் ஏற்கெனவே மாற்றியாயிற்று என்றால், அந்தப் பில்லை வாங்கி வரி வரியாகப் படியுங்கள். பெல்ட் மட்டும் மாற்றினார்களா, ஆயில் சட்டியை இறக்கிச் சல்லடையையும் சுத்தம் செய்தார்களா? பழைய துகள் அங்கேயே கிடந்தால் புதுப் பெல்ட் போட்டு என்ன பிரயோசனம்? ஊற்றிய ஆயிலின் தரம் கம்பெனி சொன்னதுதானா? ஒருவர் என்னிடம் கொண்டுவந்த வண்டியில் எல்லா சர்வீஸும் தேதி தவறாமல் நடந்திருந்தது, முத்திரை மேல் முத்திரை. ஆனால் பில்லில் இருந்தது கைக்குக் கிடைத்த ஏதோ ஆயில். சட்டியை இறக்கினால் கறுப்பு மணலைக் கொட்டியது போலிருந்தது. அது எந்தக் கார், யார் சர்வீஸ் செய்தது என்பதெல்லாம் இங்கே வேண்டாம். முத்திரையைப் பார்த்து மயங்காமல் பில்லைப் பாருங்கள் என்பதற்காகச் சொன்னேன்.

இதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பேஜோ, சிட்ரோயனின் இப்போதைய தாய்க் கம்பெனியான ஸ்டெலான்டிஸ் 2024-இல், ஐரோப்பாவில் இந்த எஞ்சினின் பெல்ட் முன்கூட்டியே கெடுவதற்கும், அளவுக்கு மீறி ஆயில் குடிப்பதற்கும் 10 ஆண்டு அல்லது 1,75,000 கி.மீ. வரை பொறுப்பேற்பதாக அறிவித்தது. சர்வீஸ் ஒழுங்காக நடந்ததற்குச் சான்று காட்ட வேண்டும் என்பது நிபந்தனை. பில் பில் என்று நான் அடித்துக்கொள்வதற்கு அதுவும் ஒரு காரணம். 2017 காருக்கு அந்தப் பத்து ஆண்டு 2027-ஓடு முடியும் என்பதையும் கணக்கில் வையுங்கள். பின்னால் வந்த ஹைப்ரிட் பதிப்பில் பெல்ட்டையே எடுத்துவிட்டுச் செயின் போட்டார்கள். கம்பெனிக்கே என்ன புரிந்தது என்பதை அதிலிருந்து நீங்கள் புரிந்துகொள்ளலாம்.

மெகானைப் பற்றி இவ்வளவு சொல்ல வேண்டியதில்லை. கே9கே டீசல் 2001-இல் வந்தது. ஆரம்பகால எஞ்சின்களில் கிராங்க் பேரிங் தேய்ந்து எஞ்சினே போன கதைகள் நிறைய. ஆயில் மாற்றும் இடைவெளியை நீட்டி நீட்டி வைத்ததும் அதற்கு ஒரு காரணம். வருடம் செல்லச் செல்ல அதைத் திருத்திவிட்டார்கள். 2016-இல் வந்த எஞ்சின் என் அனுபவத்தில் உழைப்பாளி, சிக்கனமும்கூட. இதன் டைமிங் பெல்ட் பழைய பாணியில் வெளியே, காய்ந்த இடத்தில் ஓடுகிறது. ஆனால் அதற்கும் ஆயுள் உண்டு. இந்த வயதுக்குள் ஒருமுறை மாற்றியதற்கு பில் இருக்க வேண்டும், கூடவே தண்ணீர் பம்பும். 2018 வாக்கில் வந்த ப்ளூ டிசிஐ-களில் இருக்கும் ஆட்ப்ளூ (புகையைச் சுத்தம் செய்யத் தனியாக ஊற்றும் திரவம்) தொல்லை இந்தக் காரில் இல்லை.

பிரச்சினை எஞ்சினில் இல்லை, உங்கள் ஆறு கிலோமீட்டரில் இருக்கிறது. டீசல் காரின் சைலன்சர் வழியில் கரிப்புகையைப் பிடித்து வைக்கும் வடிகட்டி உண்டு. நிரம்பியதும் கார் தானாகவே அதைச் சூடாக்கிக் கரியை எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்கு எஞ்சின் சூடாகி, ஓரளவு வேகத்தில் தொடர்ந்து ஓட வேண்டும். நீங்கள் ஒவ்வொரு முறையும் பாதியில் நிறுத்துவீர்கள். எரியாத டீசல் ஆயிலில் இறங்கும், கரி சேர்ந்துகொண்டே போகும், ஒரு நாள் விளக்கு எரியும். மாதம் ஒரு வெளியூர்ப் பயணம் ஓரளவு காப்பாற்றும், முழுக்கக் காப்பாற்றாது. 308-இல் பெட்ரோல் கலப்பதும் மெகானில் கரி அடைப்பதும் ஒரே குறும்பயண நோயின் இரண்டு முகங்கள்.

அப்புறம் இடிசி. இரண்டு கிளட்ச் வைத்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் அது. இந்தக் காரில் உள்ளது ஆயிலில் முழுகாத உலர்ந்த கிளட்ச். நெடுஞ்சாலையில் வெண்ணெயாக ஓடும். நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போனால் சூடாகித் தேயும். முந்தைய உரிமையாளர் எங்கே ஓட்டினார் என்று கேளுங்கள். நன்றாகச் சூடான பிறகு, மேடு ஏறும் இடத்தில் நிறுத்தி, ஆக்சிலேட்டரை மெல்லத் தொட்டு நகர்த்திப் பாருங்கள். உடம்பு உதறுவது போல அதிர்ந்தாலோ, முதல் கியரிலிருந்து இரண்டுக்குப் போகும்போது உதைத்தாலோ, விட்டுவிடுங்கள். கிளட்ச் மாற்றும் செலவு சாதாரண கியர் காரைவிட வெகுவாகக் கூடும். யானை வாங்கும்போதே அங்குசத்துக்கும் சேர்த்து யோசித்துவிட வேண்டும்.

எந்தக் காரை எடுத்தாலும், பார்க்கப் போகும் நாளில் சில வேலைகள் உண்டு. "நான் வரும்வரை எஞ்சினைப் போடாதீர்கள்" என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பேச்சுக்கு முன்னால் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் "ஏன் போட்டீர்கள்?" என்று கேட்பதில் தப்பில்லை. குளிர்ந்த எஞ்சின் முதல் சில நொடிகளில் சொல்லும் உண்மையைச் சூடான எஞ்சின் மறைத்துவிடும். குறைந்தது அரைமணி நேரமாவது ஓட்டுங்கள். இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு மறுபடி மிதிக்கும்போது பின்னால் நீலப்புகை வருகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். வேகத்தடையில் முன்பக்கம் டொக் டொக் என்று தட்டினால் சஸ்பென்ஷன் இணைப்புகள் தேய்ந்திருக்கும். அது பெரிய செலவில்லை, ஆனால் விலை பேச உதவும். ஓடிய தூரம் உண்மையா என்று ஸ்டீயரிங் தோலும் பிரேக் மிதியின் ரப்பரும் ஓட்டுநர் சீட்டின் ஓரமும் கொஞ்சம் சொல்லும். காரின் கணினிப் பதிவுகளைப் படிக்கும் ஸ்கேனர் போட்டால் வேறு கணினிப் பெட்டிகளில் பதிவான தூரத்தோடு ஒப்பிட்டு இன்னும் தெளிவாகப் பார்க்கலாம்.

சித்தப்பா சொன்ன கரன்ட் கோளாறுக்கும் ஒரு வார்த்தை. இந்தக் கார்கள் பேட்டரி விஷயத்தில் ரோஷக்காரர்கள். சிக்னலில் தானாக அணைந்து தானாக எழும் எஞ்சினுக்கு அதற்கேற்ற தனிவகைப் பேட்டரி வேண்டும். மலிவாக இருக்கிறதே என்று சாதாரணப் பேட்டரி போட்டால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு எச்சரிக்கைகள் ஒரே நாளில் வரும். ஒருவரிடம் கணினிப் பெட்டியையே மாற்ற வேண்டும் என்று எங்கோ சொல்லிவிட்டார்கள். அவர் பணத்தைத் திரட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். பேட்டரியிலிருந்து உடலுக்குப் போகும் எர்த் கம்பியின் முனையில் பச்சை பூத்திருந்தது. சுரண்டி, முறுக்கி, ஸ்கேனரில் பழைய பதிவுகளை அழித்ததோடு சரி. பெட்டியைப் பற்றி அவர் அப்புறம் பேசவேயில்லை. நான் சொல்ல வருவது, காரைப் பார்க்கும்போது ஒவ்வொரு பொத்தானையும் அழுத்துங்கள். 308-இல் ஏசி முதற்கொண்டு தொடுதிரையில்தான் இருக்கிறது, திரை மக்கர் செய்தால் எல்லாமே மக்கர். ஆனால் ஒரு விளக்கு எரிகிறது என்பதற்காக மிரண்டு ஓட வேண்டாம். பேட்டரியைச் சோதித்துவிட்டு முடிவெடுங்கள்.

ஸ்கேனர் என்றேன், எந்த ஸ்கேனர் என்பதும் முக்கியம். எல்லாக் கார்களுக்கும் பொதுவான மலிவுக் கருவி எஞ்சின் பதிவுகளை மட்டும் படிக்கும். பேஜோ, சிட்ரோயனுக்கு டயக்பாக்ஸ் என்றும் ரெனோவுக்கு கிளிப் என்றும் தனி மென்பொருள்கள் உண்டு. மெகானின் வடிகட்டியில் எவ்வளவு கரி சேர்ந்திருக்கிறது, கடைசியாக எப்போது சுத்தம் ஆனது என்பதையெல்லாம் அப்படிப்பட்டதில்தான் சரியாகப் பார்க்க முடியும். உங்களுக்குப் போய்வர முடிகிற தூரத்தில் இது தெரிந்த மெக்கானிக் ஒருவராவது இருக்கிறாரா என்று காரைத் தேடும் முன்பே தேடியிருக்க வேண்டும். உதிரிப் பாகம் வாங்கும்போதும் மாடல், வருடம் மட்டும் சொல்லாதீர்கள். ஒரே வருடத்துப் பிரெஞ்சுக் கார் இரண்டில் பிரேக் பாகங்கள் வெவ்வேறு கம்பெனியுடையதாக இருக்கும். சேசிஸ் எண்ணைச் சொல்லி வாங்கினால் திருப்பிக் கொடுக்க அலைய வேண்டாம்.

ஒரு சின்ன விஷயம், ஓட்டத்துக்குச் சம்பந்தமில்லாதது. 308-இன் ஸ்டீயரிங் மிகச் சிறியது; மீட்டர்களை அதற்கு மேலாகப் பார்க்க வேண்டும். சிலருடைய உயரத்துக்கு ஸ்டீயரிங் வளையமே மீட்டரை மறைத்துவிடும். உட்கார்ந்து சரிசெய்து பார்த்துவிடுங்கள். எவ்வளவு நல்ல கார் என்றாலும் வேகம் தெரியாமல் ஓட்ட முடியாது.

இப்போது முடிவு. உங்கள் ஓட்டத்துக்கு மெகான் டீசல் வேண்டாம். கார் மோசம் என்பதால் இல்லை, நீங்கள் ஓட்டும் விதம் அதற்கு ஒத்துவராது. 308-ஐ இரண்டு நிபந்தனைகளோடு எடுக்கலாம். சர்வீஸ் பில்கள் முழுதாக இருக்க வேண்டும். பெல்ட்டும் சல்லடைச் சுத்தமும் முடிந்திருக்க வேண்டும், அல்லது அந்த வேலையின் செலவு மொத்தமும் விலையிலிருந்து குறைய வேண்டும். குறைத்து வாங்கினால் முதல் வாரத்திலேயே அந்த வேலையை முடித்துவிடுங்கள், "அடுத்த மாதம் பார்க்கலாம்" வேண்டாம். அதன்பின் ஆயிலை 10,000 கி.மீ. அல்லது ஓர் ஆண்டு, எது முந்துகிறதோ அதில் மாற்றுங்கள். உங்களைப் போலக் குறும்பயணம் செய்பவருக்கு ஆண்டுக் கணக்குதான் முந்தும். மாதாந்திர வெளியூர்ப் பயணத்தைத் தவறவிடாதீர்கள், எஞ்சினுக்கும் அது மருந்து. பில் இல்லை, விலையும் குறையாது என்றால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

ஒன்றிரண்டு மாதம் பொறுக்க முடியுமானால் மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது. 2018-க்குப் பிந்தைய மெகானில் 1.3 டிசிஇ பெட்ரோல் எஞ்சின் வந்தது. மெர்சிடிஸின் தாய்க் கம்பெனியோடு சேர்ந்து செய்தது, செயினில் ஓடுவது. உங்கள் தேவைக்கு அது பொருந்தும். தேடும்போது எண்ணில் கவனம் வையுங்கள்: 1.3 டிசிஇ வேறு, 1.2 டிசிஇ வேறு. 2012 முதல் 2016 வாக்கில் வந்த அந்த 1.2 அளவுக்கு மீறி ஆயில் குடித்து வால்வு கருகியதாகப் பெயரெடுத்தது. எழுத்து மூன்றும் ஒன்றே, எண்ணில்தான் விஷயம்.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இது தானம் இல்லை, உங்கள் பணம். தாராளமாகப் பாருங்கள். சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். சந்தேகப்படும் ஆள் ஒருவர் பக்கத்தில் நின்றால் விலை தானாகக் கொஞ்சம் இறங்கும். பெல்ட்டில் அளவுகருவி உட்கார்ந்ததா இல்லையா என்று பார்த்ததும் எனக்கு எழுதுங்கள். வாங்கலாமா என்பதை அப்போது இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன்.